அத்தியாயம் 4: மாமல்லபுரம் வட்டாரத்துக்கு ஒரு பசுமை இல்ல வாயுக் கணக்கு

ஓர் ஆண்டில் மாமல்லபுரம், அதன் மீனவர் குப்பங்கள், சுற்றியுள்ள ஏரிப் பாசன ஊர்கள் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு காற்றில் கலக்கிறது என்று கணக்கிட ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு விண்டோஸ் கணினி, ஒரு நீள நோட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பொறுமை ஆகிய மூன்றும் போதும். இந்திய அரசு ஐ.நா. காலநிலை அமைப்புக்கு அனுப்பும் தேசியக் கணக்கும் இதே முறையில்தான் தயாராகிறது. அங்கே ஒரு நாடு, இங்கே சில ஊர்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

கோட்பாடு ஒரே வரிதான். என்ன செய்தோம், எவ்வளவு செய்தோம் என்பது செயல்பாட்டுத் தரவு. ஓர் அலகுக்கு எவ்வளவு வாயு என்பது உமிழ்வுக் காரணி. இரண்டையும் பெருக்கினால் உமிழ்வு. காரணியைப் புத்தகம் தரும், பெருக்கலை மென்பொருள் செய்யும். முதல் எண்ணை மட்டும் நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எனவே உங்கள் நேரத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குங்கள்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

1. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் (ஐ.பி.சி.சி.) 2006 வழிகாட்டு நெறிகள். ஐந்து தொகுதிகள்: பொது நெறி, ஆற்றல், தொழிற்சாலைச் செயல்முறைகள், வேளாண்மையும் நிலமும், கழிவு. முழுவதும் படிக்க வேண்டாம், தேவையான அட்டவணைகளுக்கு அடையாளத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஈரநில இணைப்பும் 2019 திருத்தமும் பக்கத்தில் இருக்கட்டும்.

2. ஐ.பி.சி.சி. இன்வென்டரி மென்பொருள். இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். ஜப்பானின் ஹயாமாவில் இயங்கும் ஐ.பி.சி.சி.யின் தொழில்நுட்பப் பிரிவு இதைப் பராமரிக்கிறது. காரணிகளின் தரவுத்தளமும் குப்பைக் கணக்குக்கான எக்செல் தாளும் அதே தளத்தில் கிடைக்கும்.

3. இந்தியாவின் நான்காவது ஈராண்டு அறிக்கை, 2024 டிசம்பர். 2020ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த உமிழ்வு, நிலமும் காடும் நீங்கலாக, சுமார் 295.9 கோடி டன். இதில் ஆற்றல் 75.66 விழுக்காடு, வேளாண்மை 13.72, தொழிற்சாலைச் செயல்முறை 8.06, கழிவு 2.56. உங்கள் ஊர்க் கணக்கு இந்த விகிதத்தில் வராது, வரவும் கூடாது. இங்கே அனல் மின் நிலையமோ இரும்பு ஆலையோ இல்லை. வந்தால் எங்கோ தவறு என்று கொள்ளுங்கள்.

படி 1: எல்லையைக் கோடு போட்டுத் தீர்மானியுங்கள்

வருவாய்த்துறை வரைபடத்தில் சேர்க்கப் போகும் கிராமங்களைப் பேனாவால் சுற்றுங்கள். குறிப்புக்கு, மாமல்லபுரத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 15,172. செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய புள்ளிவிவரக் கையேடுகளில் "காஞ்சிபுரம் மாவட்டம்" என்றிருந்தால், அதில் உங்கள் வட்டங்களைத் தனியே பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். தேசியக் கணக்கு முறையில் உமிழ்வு எரித்த இடத்தில் எழுதப்படும், பயன்படுத்திய இடத்தில் அல்ல. அதனால் இந்த முறையை அப்படியே பின்பற்றினால் ஊரின் மின் கட்டணம் எதுவும் உங்கள் கணக்கில் வராது. எடுத்துக்காட்டாக, வடக்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் இயங்குகிறது. அருகிலேயே 15 கோடி லிட்டர் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. கன மீட்டருக்கு 3.5 யூனிட் என்று வைத்துக்கொண்டால், பழைய ஆலை மட்டும் முழுத் திறனில் ஓடும் நாளில் மூன்றரை லட்சம் யூனிட் குடிக்கும். மத்திய மின்சார ஆணையம் 2022-23க்குத் தந்த சராசரிக் காரணி யூனிட்டுக்கு 0.716 கிலோ. அப்படியானால் நாளைக்குச் சுமார் 250 டன். இது கணக்கில் வராவிட்டால் ஊர்க் கணக்கு அரைகுறைதான் என்று தோன்றும். தோன்றுவது நியாயமே.

வழி இதுதான். நகரங்களுக்கென 2014இல் வெளியான உலகளாவிய நெறிமுறையில் உள்ளபடி, ஊருக்குள் எரித்ததை "வட்டம் 1" என்றும், வெளியிலிருந்து வாங்கிய மின்சாரத்தை "வட்டம் 2" என்றும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். இரண்டையும் கூட்டித் தேசியக் கணக்கோடு ஒப்பிடாதீர்கள்.

> அடிக்கடி நேரும் தவறு: "கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அணு மின்சாரத்தில் புகை இல்லை, எனவே நம் மின்சாரக் காரணி பூஜ்யம்." இல்லை. கல்பாக்கத்தின் மின்சாரம் மின்தொகுப்புக்குத்தான் போகிறது. உங்கள் வீட்டுக்கு வருவதும் அதே தொகுப்பிலிருந்துதான். எனவே தொகுப்பின் சராசரிதான் உங்கள் காரணி.

படி 2: ஆண்டைப் பூட்டுங்கள்

கணக்கு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. இதைச் சொல்வது எளிது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேடு பசலி ஆண்டுக்கானது, ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். மின்வாரியமும் எரிவாயு முகவரும் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைப்பார்கள். 2023ஆம் ஆண்டுக்கு எழுதினால், பசலி 1432இன் பின்பாதியும் 1433இன் முன்பாதியும் வேண்டும்.

நெல்லுக்கு இது இன்னும் குழப்பும். இந்தப் பக்கத்துப் பட்டங்கள் மூன்று: சொர்ணவாரி, சம்பா, நவரை. ஆகஸ்டில் தொடங்கும் சம்பா ஜனவரியில் அறுவடைக்கு வந்தால் எந்த ஆண்டில் எழுதுவது? அறுவடை செய்த ஆண்டில் எழுதுங்கள். முக்கியம், எல்லா ஆண்டுக்கும் அதே விதியைக் கடைப்பிடியுங்கள். விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படி 3: வகைப் பட்டியலில் காலியிடம் விடாதீர்கள்

ஐ.பி.சி.சி. பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியீடு உண்டு. உங்கள் ஊரில் இல்லாதவற்றையும் பட்டியலில் வைத்து, எண்ணுக்குப் பதில் காரணத்தை எழுதுங்கள். இல்லவே இல்லை என்றால் என்.ஓ. இருக்கிறது, கணக்கிடவில்லை என்றால் என்.ஈ. வேறொரு வகையில் சேர்த்துவிட்டால் ஐ.ஈ. கொடுத்தவர் ரகசியம் என்றால் சி. வெற்றுக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் பார்ப்பவர் வேறுபடுத்தி அறிய முடியாது.

சிற்பப் பட்டறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கருங்கல்லை உளியாலோ மின் ராவும் கருவியாலோ செதுக்கினால் கல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறாது. பறப்பது தூசி மட்டும், அது நுரையீரலுக்குக் கேடு, இந்தக் கணக்குக்கு வெளியே. பட்டறையின் மின்சாரம் வட்டம் 2இல் போகும், ஜெனரேட்டர் டீசல் வட்டம் 1இல். ஆனால் கிளிஞ்சல் சுடும் சுண்ணாம்புக் காளவாய் எல்லைக்குள் இருந்தால் அது வேறு கதை. கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட், சுட்டால் ஒரு டன்னுக்கு 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும். அடுப்பில் எரித்த விறகு தனிக் கணக்கு.

படி 4: தரவு சேகரிப்பு

*எரிவாயு.* முகவரிடம் ஆண்டு விற்பனையை வீட்டு உருளை, வணிக உருளை என்று பிரித்து வாங்குங்கள். 14.2 கிலோ உருளை ஒன்று முழுதும் எரிந்தால் சுமார் 42.4 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 19 கிலோ வணிக உருளை சுமார் 56.7 கிலோ. மாமல்லபுரத்தில் இரண்டாவதை விட்டுவிடவே கூடாது. 2021-22இல் இங்குள்ள நினைவுச் சின்னங்களுக்கு 1,44,984 வெளிநாட்டவர் வந்தார்கள், தாஜ்மகாலைவிட அதிகம். உள்நாட்டுக் கூட்டம் தனி. மக்கள்தொகையை மட்டும் வைத்துச் சமையல் எரிவாயுவைக் கணித்தால் அத்தனை விடுதிச் சமையலும் தப்பிவிடும்.

*பெட்ரோல், டீசல்.* லிட்டருக்குப் பெட்ரோல் சுமார் 2.3 கிலோ, டீசல் சுமார் 2.7 கிலோ. தேசிய முறையில் விற்ற எரிபொருளே அளவுகோல், எனவே எல்லைக்குள் உள்ள பங்க்குகளின் விற்பனை போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிற கார் இங்கே நிரப்பினால் அதுவும் உங்கள் கணக்கே. சரியல்ல என்று பட்டால் குறிப்பில் எழுதுங்கள், எண்ணில் கை வைக்காதீர்கள்.

*படகுகள்.* கொக்கிலமேடு, வெண்புருஷம், தேவனேரி போன்ற குப்பங்களில் பெரும்பாலும் வெளிப்பொறி மாட்டிய ஃபைபர் படகுகள். பங்க்கில் வாங்கிய எரிபொருளைச் சாலைக் கணக்கில் ஏற்கெனவே சேர்த்திருப்பீர்கள், அதை அங்கே கழித்துவிட்டு மீன்பிடியில் எழுதுங்கள். மானிய மண்ணெண்ணெய், டீசல் பற்றிய பதிவு மீன்வளத்துறையிடம் கிடைக்கும். மண்ணெண்ணெய்க்கு லிட்டருக்குச் சுமார் 2.5 கிலோ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த 61 நாளுக்கும் பூஜ்யம் போடுபவர்கள் உண்டு. தடை விசைப்படகுகளுக்கு. நாட்டுப் படகுகள் கடலுக்குப் போகும்.

*கழனி.* இந்த வட்டாரத்தில் மீத்தேன் கணக்கின் தலையெழுத்தே இங்கேதான் தீர்மானமாகிறது, எனவே நிதானமாகச் செய்யுங்கள். நெல் வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது, அப்போது மீத்தேன் உண்டாகும். வயல் நடுவே காய்ந்தால் உற்பத்தி சட்டென்று குறையும். இந்தியத் தேசியக் கணக்கின் காரணிகள், ஒரு ஹெக்டேருக்கு ஒரு பட்டத்துக்கு:

- தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் 162 கிலோ மீத்தேன்
- ஒரு தடவை காயவிட்டால் 66 கிலோ
- பல தடவை காயவிட்டால் 18 கிலோ
- மானாவாரி, வறட்சிக்கு உட்பட்டது என்றால் 66 கிலோ
- மானாவாரி, வெள்ளத்துக்கு உட்பட்டது என்றால் 190 கிலோ

100 ஹெக்டேர் நவரையை முதல் வகையில் எழுதினால் 16.2 டன் மீத்தேன். மீத்தேனின் வெப்பமூட்டும் திறன் 28 என்று கொண்டால் 453.6 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதே வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நடத்தியதாக எழுதினால் 50.4 டன். வயலின் பரப்பில் பத்து விழுக்காடு பிழை வந்தாலும் இவ்வளவு ஆட்டம் காட்டாது.

ஆகவே பரப்பை அடங்கலிலிருந்து எடுத்த கையோடு, தண்ணீர் முறையை மனிதரிடம் கேளுங்கள். "தொடர் நீர்ப்பாசனமா, இடைவிட்ட பாசனமா?" என்று படிவத்தை வாசித்தால் எதிரே இருப்பவர் எதையோ சொல்லித் தலையாட்டுவார். இப்படிக் கேளுங்கள்:

"ஐயா, நட்டதுலேர்ந்து அறுப்பு வரைக்கும் கழனி எத்தனை தடவ காஞ்சுதுங்க?"
"மூணு, நாலு தடவ காயும் தம்பி. மதகு மூடினா நாம என்ன பண்றது."
"காஞ்சா எத்தனை நாளு காயும்? வெடிப்பு விடுமா?"

ஐ.பி.சி.சி. கணக்கில் காய்ந்தது என்று சொல்ல மூன்று நாளுக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் வடித்து மறுநாள் பாய்ச்சியது அதில் சேராது. தலைமடைக்கும் கடைமடைக்கும் பதில் மாறும், இரண்டு இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் ஏரித் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சும் நீர்க்கட்டி இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள். எந்த மடை என்று திறந்தது, என்று மூடியது என்பது அவருக்குத்தான் தெரியும். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவரின் கழனி பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும், அதைத் தனியே எழுதுங்கள்.

> எச்சரிக்கை: காரணிகளைக் கலக்காதீர்கள். ஐ.பி.சி.சி. 2006 பொதுக் காரணிப்படி நாளொன்றுக்கு 1.30 கிலோ, 110 நாளுக்கு 143 கிலோ. பலமுறை காய்ந்த வயலுக்கு அதை 0.52ஆல் பெருக்கினால் 74. இந்தியக் காரணியோ 18. நான்கு மடங்கு இடைவெளி. ஓர் ஆண்டு இதை, மறு ஆண்டு அதை எடுத்தால் விவசாயி ஒன்றுமே செய்யாமல் ஊர் "பசுமை" ஆகிவிடும்.

உரத்தையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. நெல் வயலுக்கு 0.003 என்ற காரணியால் பெருக்கினால் வருவது நைட்ரஸ் ஆக்சைடில் உள்ள நைட்ரஜன் மட்டும். அதை 44/28ஆல் பெருக்கினால்தான் வாயுவின் எடை. அதுபோல, கார்பன் என்று தந்திருந்தால் 44/12. இந்த இரண்டு பின்னங்களையும் நோட்டு அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

*மாடு, ஆடு.* 20வது கால்நடைக் கணக்கெடுப்பு 2019ஆம் ஆண்டுக்கானது. கறவையில் நாட்டு மாடு, கலப்பின மாடு என்று பிரித்து வாங்குங்கள். தேசியக் கணக்கில் நாட்டுக் கறவைக்கு ஆண்டுக்கு 28 கிலோ மீத்தேன், கலப்பினக் கறவைக்கு 43.

*கழிப்பறைக் கழிவு.* நெறிநூலில் இந்தியருக்கு நாளொன்றுக்கு 34 கிராம் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்றும், அதன் ஒரு கிலோவுக்கு அதிகபட்சம் 0.6 கிலோ மீத்தேன் என்றும், செப்டிக் டேங்குக்கு மீத்தேன் திருத்தக் காரணி 0.5 என்றும் இருக்கிறது. இவற்றைப் பெருக்கினால் ஒருவருக்கு ஆண்டுக்கு 3.7 கிலோ மீத்தேன். 2011இன் 15,172 பேரும் செப்டிக் டேங்க் பயன்படுத்தியதாக வைத்தால் 56.5 டன், அதாவது சுமார் 1,580 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். வந்து போகும் கூட்டத்துக்கு நினைவுச் சின்ன நுழைவுச் சீட்டு எண்ணிக்கையை வைத்துக் கால் நாள், அரை நாள் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

*குப்பை.* இந்த ஆண்டு கொட்டியது மட்டும் போதாது. குப்பை மெதுவாக அழுகும், பத்தாண்டுக்கு முன் புதைத்ததும் இன்னும் மீத்தேன் விடும். எக்செல் தாள் பழைய ஆண்டுகளைக் கேட்பது அதனால்தான். பதிவு இல்லாத ஆண்டுகளுக்கு மக்கள்தொகையை வைத்துப் பின்னோக்கிக் கணித்து, அவற்றை வேறு நிறத்தில் குறியுங்கள். மீத்தேன் திருத்தக் காரணி, ஐந்து மீட்டருக்குக் குறைந்த மேட்டுக் குப்பைக்கு 0.4, அதைவிட ஆழமானதற்கு 0.8. உரமாக்கினால் ஒரு கிலோ ஈரக் குப்பைக்கு 4 கிராம் மீத்தேன். சாண எரிவாயுக் கலத்தில் கசிவு அளவு தெரியாவிட்டால் 5 விழுக்காடு.

*சவுக்குத் தோப்பு, இறால் பண்ணை.* இவை சுருக்கமாக. சில ஆண்டுக்கொரு முறை வெட்டும் சவுக்கை வளர்ச்சிக் கணக்கில் மட்டும் எழுதி, வெட்டியதை மறப்பது வழக்கமான பிழை. பரப்பைப் பார்க்க உலக உணவு வேளாண் நிறுவனத்தின் கலெக்ட் எர்த் போதும். இறாலுக்கு 2013 இணைப்பின் காரணி: விளைச்சல் ஒரு கிலோவுக்கு 0.00169 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு நைட்ரஜன், மீண்டும் 44/28.

களத்தில் பாதுகாப்பு

- செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கவோ குனிந்து அளக்கவோ கூடாது. உள்ளே உள்ள வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சாவது இதில் வழக்கம். உங்களுக்கு வேண்டியது கழிவுநீர் லாரியின் நடைக் கணக்கு, அதைச் சாலையிலேயே கேட்டு வாங்கலாம்.
- குப்பை மேட்டில் புகை தெரிந்தால் ஏறாதீர்கள். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கனலும்.
- கல்பாக்கம் நிலையத்தைச் சுற்றிய பகுதியில் புகைப்படமும் டிரோனும் வேண்டாம். ஜெனரேட்டர் டீசல் அளவை எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் என்.ஈ. போட்டு நகருங்கள்.
- படகுக்காரர், விவசாயி பெயரோடு எரிபொருளைத் தாளில் எழுதாதீர்கள். மானியம் சம்பந்தப்பட்ட எண் வேறு எங்கோ போய் அவருக்கு வினையாகலாம். எண் மட்டும் கொடுங்கள்: படகு 1, படகு 2.

படி 5: மென்பொருளில் ஏற்றுதல்

1. நிறுவியதும் நிர்வாகிப் பயனரை உருவாக்குங்கள். கடவுச்சொல்லை இருவர் வைத்திருங்கள்.
2. நாடு இந்தியா. உட்பிரிவு என்ற கட்டத்தில் உங்கள் பகுதியின் பெயர். கிராமவாரியாகப் பிரிக்க நினைத்தால் இப்போதே செய்யுங்கள், பிறகு மாற்றுவது தலைவலி.
3. கணக்கு ஆண்டைத் திறந்து, வெப்பமூட்டும் திறன்களில் ஐந்தாம் மதிப்பீட்டறிக்கையைத் தேர்ந்தெடுங்கள்: மீத்தேன் 28, நைட்ரஸ் ஆக்சைடு 265. பழைய அறிக்கைகளில் 21, 310 என்றிருக்கும். ஒப்பிடும் முன் இதைப் பாருங்கள்.
4. எரிபொருள், கால்நடை, நிலம் பற்றிய அடிப்படைப் பக்கங்களை முதலில் நிரப்புங்கள். பிற பக்கங்கள் அவற்றிலிருந்தே எண்ணை எடுக்கும்.
5. அலகைப் பார்த்து ஏற்றுங்கள். மென்பொருள் ஜிகாகிராமில் கேட்கும், ஒரு ஜிகாகிராம் ஆயிரம் டன். மாமல்லபுரத்தின் எண்கள் 0.05, 0.3 என்று சிறுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.
6. எக்செல்லிலிருந்து ஒட்டும்போது 1,00,000 என்ற காற்புள்ளிகளை நீக்குங்கள்.
7. விறகின் கார்பன் டை ஆக்சைடை மொத்தத்தில் சேர்க்காமல் குறிப்பு வரிசையில் வையுங்கள். அதன் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மொத்தத்தில் சேரும்.

மென்பொருள் வண்ணப் படமெல்லாம் போட்டுத் தரும். அதைக் கூட்டத்தில் காட்டும் முன் அடுத்த படியை முடித்துவிடுங்கள்.

படி 6: சரிபார்த்தல்

உமிழ்வுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, மொத்தத்தில் 95 விழுக்காடு வரும்வரை கூட்டுங்கள். அதற்குள் வந்தவை முக்கிய வகைகள், இனி உழைப்பு அவற்றுக்கு. மற்றவற்றைச் செம்மையாக்க வாரக்கணக்கில் மெனக்கெடுவது வீண்.

பின், கணக்கில் கை வைக்காத ஒருவரைக் கூப்பிட்டு, பத்து கட்டங்களைத் தாளில் கையால் பெருக்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை உருளை, ஒரு ஹெக்டேருக்கு எத்தனை மூட்டை யூரியா என்று வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஆண்டுக்கு 40 உருளை வந்தால் வணிக உருளை வீட்டுக் கணக்கில் புகுந்திருக்கிறது.

நிச்சயமின்மையை ஒளிக்காதீர்கள். தரவில் 10 விழுக்காடு, காரணியில் 40 விழுக்காடு ஐயம் என்றால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 41. பெரிய ஐயம்தான் விடையை ஆளும் என்பதை இது காட்டும்.

படி 7: கட்டி வைத்தல்

ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு துண்டுச்சீட்டு: யார் தந்தது, எந்தப் பதவி, எந்தத் தேதி, எந்த ஆவணம், நீங்கள் செய்த மாற்றம் என்ன. ஆவணத்தைப் படமெடுத்து அதே எண்ணில் சேமியுங்கள். தரவுத்தளக் கோப்பின் நகல் ஒன்று கணினிக்கு வெளியே இருக்கட்டும்.

பின்னாளில் காரணி ஒன்றை மாற்றினாலோ விட்டுப்போன வகை ஒன்றைச் சேர்த்தாலோ, அந்த ஆண்டோடு நிற்காமல் முதல் ஆண்டிலிருந்து எல்லாவற்றையும் புதிய முறையில் திரும்பக் கணக்கிடுங்கள். பழைய எண், புதிய எண், மாற்றக் காரணம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, தேதி போட்டு, அந்தக் கோப்பிலேயே சேருங்கள்.